ரோமப் படைவீரர்களின் பாரக்ஸ் வாழ்க்கை: கேள்வி பதில்

வணக்கம். ரோமப் பேரரசின் படைக் கோட்டைகளுக்குள், பாரக்ஸ் எனும் வீரர் குடியிருப்புகளில், மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கேளுங்கள். அதிகமாகச் சொல்லப்போவது பிரிட்டனின் வட எல்லையில் இருந்த விண்டோலண்டாவைப் பற்றி. அங்கே ஈரமண்ணில் மர ஏடுகளும் தோலும் அழியாமல் கிடைத்திருக்கின்றன. ஒரு வேண்டுகோள்: "ரோமில் எப்படி?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், எந்த நூற்றாண்டு, எந்த எல்லை என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு அறையில் எத்தனை பேர் தங்கினார்கள்?

1, 2ஆம் நூற்றாண்டுக் காலாட்படை என்றால் 8 பேர் ஒரு குழு. குழுவுக்கு இரண்டு அறைகள்: முன்னறையில் ஆயுதம், தட்டுமுட்டு, பின்னறையில் படுக்கை, அடுப்பு. இப்படி ஏறத்தாழ 10 ஜோடி அறைகள் வரிசையாக இருக்கும். 80 பேர் கொண்ட செஞ்சுரி என்ற படைப்பிரிவுக்கு அது ஒரு நீளக் கட்டிடம், அதன் ஒரு முனையில் பிரிவின் தலைவரான செஞ்சுரியனுக்குத் தனி வீடு. பொதுச் சாப்பாட்டுக்கூடம் கிடையாது. தானியத்தை வாங்கி அவர்களே திருகைக்கல்லில் அரைத்து, கோட்டை மதிலோரம் இருந்த அடுப்புகளில் ரொட்டி சுட்டார்கள். குதிரைப்படை என்றால் ஏற்பாடே வேறு: அதே பிரிட்டன் எல்லையின் வால்ஸெண்ட் கோட்டையில் முன்னறையில் 3 குதிரைகள், பின்னறையில் அவற்றின் 3 வீரர்கள்.

சம்பளத்தை உப்பாகக் கொடுத்தார்களாமே ஐயா?

இல்லை, நாணயமாகத்தான் கணக்கு. லீஜியன் (ரோமக் குடிமக்களைக் கொண்ட முதன்மைப் படை) வீரருக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸாக (வெள்ளி நாணயம்) இருந்ததைப் பேரரசர் டொமிஷியன் 300 ஆக்கினார். முழுதும் கைக்கு வராது. எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் கணக்கில் உணவு, காலணி, படுக்கை வைக்கோல், சாட்டர்னேலியா பண்டிகை விருந்து என்று ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறார்கள்.

கிளாடியேட்டர்களும் பாரக்ஸில்தானே இருந்தார்கள்?

அவர்களுக்குத் தனிப் பயிற்சிக்கூடங்கள், பாம்பேயில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். என் துறை இல்லை, விளையாட்டரங்குகள் பற்றிப் படித்தவர்களைக் கேளுங்கள்.

கோட்டைக்குள் பெண்கள் இருந்தார்களா அண்ணா?

நல்ல கேள்வி. தளபதி வீட்டில் சந்தேகமே இல்லை. கி.பி. 100ஐ ஒட்டி விண்டோலண்டாவில் ஒன்பதாம் படாவியர் படைப்பிரிவின் தளபதி ஃபிளாவியஸ் செரியாலிஸ். அவர் மனைவி சுல்பிசியா லெபிடினாவை, இன்னொரு அதிகாரியின் மனைவி கிளாடியா செவெரா தன் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதம் கிடைத்திருக்கிறது. எழுத்தர் எழுதியதன் கீழே செவெராவே தன் கையால் சில வரிகள் சேர்த்திருக்கிறார். சாதாரண வீரர்களின் கட்டிடங்கள்தான் சிக்கல். அங்கேயும் பெண்கள், குழந்தைகள் அளவில் காலணிகள் கிடைத்தன. ஆகவே "வெறும் ஆண்கள் உலகம்" என்ற பழைய படம் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

தவறு. வீரர்கள் திருமணம் செய்யச் சட்டமே தடை. பிறகு எப்படிக் குடும்பம்?

தடை இருந்தது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தச் சட்டம் உறவைச் செல்லாததாக்கியது, உறவே இல்லாமல் செய்யவில்லை. கி.பி. 119இல் பேரரசர் ஹாட்ரியன் எகிப்து ஆளுநருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள்: சேவையின்போது வீரர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி வாரிசு இல்லை என்றாலும், இரத்த உறவு என்ற முறையில் தகப்பன் சொத்தைக் கோரலாம் என்று அனுமதிக்கிறார். பிள்ளைகளே இல்லையென்றால் பேரரசர் இதை எழுத வேண்டிய தேவை என்ன? துணைப்படை (பெரும்பாலும் ரோமக் குடியுரிமை இல்லாதவர்களின் படை) வீரர்கள் 25 ஆண்டு முடித்துப் பெற்ற வெண்கலச் சான்றுகளிலும் மனைவி, பிள்ளைகள் பெயர்கள் வருகின்றன. கடைசியில் 197இல் செப்டிமியஸ் செவெரஸ் வீரர்கள் மனைவியோடு வாழ அனுமதித்தார், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார்.

அந்தக் குடும்பங்கள் மதிலுக்கு வெளியே உள்ள ஊரில் இருந்திருக்கும். காலணிகள் குப்பையோடு உள்ளே வந்திருக்கலாமே? சிறிய காலணி விடலைப் பையன்களுடையதாகவும் இருக்கலாம்.

வெளியே குடியிருப்பு இருந்தது: கடைகள், பட்டறைகள், மதுக்கடைகள். பெரும்பாலான குடும்பங்கள் அங்கேதான் என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் குப்பை என்று ஒதுக்க முடியாது. பாரக்ஸில் ஆட்கள் குடியிருந்த காலத்துத் தரைப் படிவுகளிலேயே காலணிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சில, படையில் சேரும் வயதுப் பையனின் கால் நுழையவே முடியாத அளவு சிறியவை. அடிமைச் சிறுவர்களாக இருக்கலாம் என்று நீங்கள் கேட்டிருந்தால் அது வலுவான எதிர்வாதம், வீரர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம் என்று நான் சொல்லவில்லை. செஞ்சுரியன் வீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம், மற்ற அறைகளுக்குக் கட்டிடம் கட்டிடமாகப் பார்க்க வேண்டும். நூற்றாண்டைச் சொல்லுங்கள், எல்லையைச் சொல்லுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

ஒரு அறையில் எத்தனை பேர்?

மேலே இருக்கிறது.

4ஆம் நூற்றாண்டிலும் 8 பேர்தானா?

இது வேறு கேள்வி, கேட்டதற்கு நன்றி. பிரிட்டனின் வட எல்லையிலேயே இருந்த ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் பழைய நீளக் கட்டிடங்களை இடித்துவிட்டு, தனித்தனிச் சிறு வீடுகள் வரிசையாக நிற்பதுபோல் மாற்றிக் கட்டினார்கள். பழைய 8 பேர் கணக்கை அங்கே பொருத்தாதீர்கள்.

நம்ம ஊர் மிளகு அங்கே போனதா?

போனது. விண்டோலண்டா ஏடு ஒன்றில் வீரர்கள் வாங்கிய சாமான் கணக்கில் மிளகும் இருக்கிறது, விலை 2 தெனாரியஸ். ரோமுக்கு மிளகு முசிறி முதலான மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாகத்தான் பெருமளவு போனது. அதை ஒரு சாதாரண வீரர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வியப்பு.

உப்பு சம்பளம் பற்றிச் சொல்லுங்களேன்?

சொல்லியாகிவிட்டது. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கழிப்பறை எப்படி?

ஹவுஸ்டெட்ஸில் பொதுக் கழிப்பறை இருக்கிறது, வரிசையாக உட்காரும் இடமும் கீழே தண்ணீர் ஓடும் கால்வாயும். அதனால் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். விண்டோலண்டா கழிப்பறை வடிகாலில் குடற்புழு முட்டைகள் கிடைத்திருக்கின்றன.

எல்லா வீரர்களும் எப்போதும் பாரக்ஸில்தான் இருப்பார்களா?

இல்லவே இல்லை. விண்டோலண்டாவில் இருந்த முதலாம் துங்கிரியர் பிரிவின் ஆள்கணக்கு ஏடு, ஒரு மே 18ஆம் தேதியிட்டது. பட்டியலில் 752 பேர், அதில் 456 பேர் வெளியே. 337 பேர் பக்கத்திலிருந்த கோரியா என்ற இடத்தில், 46 பேர் ஆளுநரின் காவலில், ஒரு செஞ்சுரியன் லண்டனில். மிச்சம் 296 பேரில் 31 பேர் வேலைக்குத் தகுதியில்லாதவர்கள்: 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்வலி.