பிரஷர் இருந்தால் சுகரும் வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. சில வருடங்களாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சுகர் இல்லை. "பிரஷர் வந்தால் பின்னாலேயே சுகரும் வரும், அந்த மாத்திரையே கொண்டுவந்து விட்டுவிடும்" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் நண்பர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். பிரிட்டனில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்றால் அதில் 120) 20 கூடுதலாக இருந்தவர்களுக்கு, டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 58 சதவீதம் கூடுதலாக இருந்தது. நூறு பேரில் 58 பேருக்குச் சுகர் வரும் என்று இதைப் படித்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஏன் கூடுகிறது? பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்று. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்குவதில்லை. அதைச் சரிக்கட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் கூடினால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. கணையம் ஈடுகொடுக்கும்வரை சுகர் அளவு ஒழுங்காகவே காட்டும். அது களைத்த பிறகுதான் சுகர் தலைகாட்டும். பிரஷர் முன்னால் வந்து நிற்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

சரி, மாத்திரை? எல்லா பிரஷர் மாத்திரையும் ஒன்றல்ல. பல மருந்துப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், மேல் அளவை 5 குறைத்தாலே சர்க்கரை நோய் வாய்ப்பு சுமார் 11 சதவீதம் குறைந்தது. 'ப்ரில்', 'சார்டான்' என்று பெயர் முடிகிற மருந்துகள் (ராமிப்ரில், டெல்மிசார்டான் மாதிரி) சுகர் விஷயத்தில் இன்னும் சாதகமானவை. தயாசைடு வகை நீர் மாத்திரைகளும், அட்டினலால் போன்ற பீட்டா பிளாக்கர்களும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டலாம். நண்பர் கேள்விப்பட்டது இதைத்தான். ஆனாலும் தேவைப்படுபவர்களுக்கு இவற்றால் கிடைக்கிற நன்மை அதைவிடப் பெரியது. பிரஷரைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் வரக்கூடிய பக்கவாதத்தோடு ஒப்பிட்டால், சுகர் லேசாக ஏறுவது சமாளிக்கக்கூடியதுதான்.

வெறும் வயிற்றுச் சுகரோடு, கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. அங்கே இருப்பவர்கள் எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால் சுகர் வருவதைப் பெருமளவு தடுக்கலாம். இதே இரண்டும் பிரஷரையும் இறக்கும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய், "இது எந்த வகை, எனக்கு இதுதான் பொருத்தமா?" என்று கேளுங்கள். அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மாற்றுவதானால் அவர் மாற்றித் தருவார்.