ஹாம்பர்க் துறைமுகக் கரையில் பழைய கிடங்குகளும் புதிய கட்டடங்களும்: ஒரே நாளில் பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாள் தாராளமாகப் போதும். ஆனால் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது அன்றைய ஓத அட்டவணை, அதாவது நீர் ஏறி இறங்கும் நேரங்கள். ஹாம்பர்க் கடலிலிருந்து சுமார் 100 கி.மீ. உள்ளே இருக்கிறது, ஆனாலும் எல்பே ஆற்றில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. படகில் போக முடியுமா, கால்வாயில் தண்ணீர் தெரியுமா சேறு தெரியுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான். துறைமுகத்தின் நீர்மட்டத்தை அளக்கும் 'சாங்க்ட் பௌலி' அளவுமானிக்கான நேரங்களை ஜெர்மன் கடல்சார் அலுவலகம் இணையத்தில் வெளியிடுகிறது. தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரத்தை நம்பிப் போகக் கூடாது.

பழைய கிடங்குப் பகுதியான ஷ்பைஷர்ஷ்டாட்டின் கால்வாய்களுக்குள் தாழ்வான சிறு படகுகள் மட்டுமே நுழையும். நீர் நன்றாக வற்றினால் அவை தரைதட்டும். நீர் உச்சத்தில் இருந்தால் பாலத்தின் அடியில் நுழைய இடம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில், நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம்தான் நல்லது. லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் சீட்டு விற்பவர்கள் 'பெரிய துறைமுகச் சுற்று' என்று கூப்பிடுவார்கள். பலகையில் 'ஓதத்தைப் பொறுத்து' என்ற பொருளில் ஒரு ஜெர்மன் வரி இருந்தால், அன்று கிடங்குப் பகுதிக்குள் படகு போகாமலும் இருக்கலாம் என்று அர்த்தம். காசு கொடுக்கும் முன் 'இந்தப் படகு ஷ்பைஷர்ஷ்டாட்டுக்குள் போகிறதா?' என்று நேராகக் கேளுங்கள்.

நடைக்கு யூ1 மெட்ரோவில் மெஸ்பெர்க் நிலையத்தில் இறங்குவது வசதி. வெளியே வந்ததும் சிலேஹௌஸ். சிலி நாட்டு வெடியுப்பு வணிகத்தில் பணம் சேர்த்தவர் 1922-24இல் கட்டிய அலுவலகக் கட்டடம். அதன் கிழக்கு முனையை எதிரே நின்று பாருங்கள், கப்பலின் முகப்பு மாதிரியே இருக்கும். அங்கிருந்து பாலம் தாண்டினால் ஷ்பைஷர்ஷ்டாட். இரண்டும் சேர்ந்து 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

இந்தக் கிடங்குகள் 1888இல் திறக்கப்பட்டன. ஹாம்பர்க் ஜெர்மன் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது, வரி கட்டாமல் சரக்கு வைத்துக்கொள்ள ஒரு தனிப் பகுதி தேவைப்பட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான மக்களைக் குடியெழுப்பிவிட்டுத்தான் கட்டினார்கள். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் கால்வாய். தலையைத் தூக்கிப் பார்த்தால் கூரை முகட்டிலிருந்து ஒரு உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கப்பி. அதன் நேர் கீழே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கதவு, ஒன்றின் கீழ் ஒன்றாக. படகில் வந்த காப்பி மூட்டையைக் கயிற்றில் மாட்டி மேலே இழுத்து, வேண்டிய மாடியின் கதவு வழியாக உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இது புரிந்துவிட்டால் அந்தச் சுவர் வெறும் செங்கல் அலங்காரமாகத் தெரியாது. தெருக்கள் கருங்கல் பாவியவை; சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வராதீர்கள், ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிடுங்கள்.

மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற குட்டி ரயில் உலகமும் இங்கேதான். நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் போனால் நீண்ட காத்திருப்பு. உள்ளே போனால் மூன்று மணி நேரம் கரைந்துவிடும். ஒரே நாள்தான் இருக்கிறது, குழந்தைகளும் கூட இல்லை என்றால் விட்டுவிடலாம். அந்த நேரத்தை 1879இல் முடிந்த 'பி' கிடங்கில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். மேல் மாடியில் ஆயிரக்கணக்கான சிறு கப்பல் மாதிரிகள் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கிக் கீழே இறங்கினால் கால் வலி குறைவு.

அடுத்தது ஹாஃபன்சிட்டி. 157 ஹெக்டேர், 2000ஆம் ஆண்டின் திட்டப்படி எழும்பிக்கொண்டிருக்கும் புது நகரம். பலருக்கு இது 'கண்ணாடிப் பெட்டிகளாக' அலுப்புத் தட்டுவதற்குக் காரணம், தரையைக் கவனிக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நடப்பதுதான். இந்தப் பகுதி முழுவதும் வெள்ளத் தடுப்பணைக்கு வெளியே இருக்கிறது. 1962 வெள்ளத்தில் ஹாம்பர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். 1976இல் நீர் அதைவிட உயர்ந்து, கடல்மட்டத்துக்கு மேல் 6.45 மீட்டரைத் தொட்டது. ஆகவே இங்கே புதிதாக அணை கட்டாமல், வீடுகளையும் சாலைகளையும் கடல்மட்டத்திலிருந்து எட்டு மீட்டருக்கு மேற்பட்ட மேடுகளில் ஏற்றிவிட்டார்கள். அந்த மேடுகளின் வயிற்றுக்குள்தான் கார் நிறுத்தங்கள். கரையோர நடைபாதை மட்டும் தாழ்வாக விடப்பட்டிருக்கிறது, வெள்ளம் வந்தால் அது மூழ்கட்டும் என்று. கீழ்த்தளங்களில் தடித்த இரும்புக் கதவுகளைப் பார்த்தால் அவை வெள்ளக் கதவுகள். கிபெல்ஸ்டெக் பாலம் இரண்டு அடுக்காக இருப்பதும் இதற்காகவே: மேலடுக்கு வெள்ளக் காலத்தில் ஊருக்குத் தப்பிப்போகும் வழி.

சாண்ட்டோர் துறையில் பழைய கப்பல்கள் மிதவை மேடைகளில் கட்டியிருக்கும். மேடைக்கு இறங்கும் சாய்வுப் பாலம் நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. நீர் வற்றிய நேரத்தில் சரிவு செங்குத்தாகிவிடும், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் சிரமப்படும். இதற்கும் அதே ஓத அட்டவணைதான்.

எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கு (2017) 'கைஷ்பைஷர் ஏ' என்ற 1960களின் கிடங்கின் மேல் நிற்கிறது. ஜெர்மனில் 'கை' என்றால் துறைமேடை, நம் கையோடு சம்பந்தமில்லை. கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் இருந்த அந்தக் கிடங்கின் உள்ளே முழுவதையும் எடுத்துவிட்டு வெளிச்சுவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே இருந்த 1,111 அடித்தளத் தூண்களோடு இன்னும் 650 தூண் இறக்க வேண்டியிருந்தது. செலவு 80 கோடி யூரோவைத் தாண்டியதை இன்றும் ஊர்க்காரர்கள் குத்திக்காட்டுவார்கள். 82 மீட்டர் எஸ்கலேட்டர் வில் மாதிரி வளைந்து ஏறுவதால், ஏறும்போது முடிவு தெரியாது. 37 மீட்டர் உயரத்தில், செங்கல் முடிந்து கண்ணாடி தொடங்கும் இடத்தில் இறக்கிவிடும். அந்தத் தளத்துக்கு அன்றைய சீட்டு இலவசம். முன்பதிவுக்குச் சிறு கட்டணம். வார இறுதியில் பகலில் வரிசை நீளும், இரவு பன்னிரண்டு வரை திறந்திருப்பதால் சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கலாம். கோடையிலும் காற்று அடிக்கும், மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

கீழே வந்ததும் 72ஆம் எண் படகு. நகரப் போக்குவரத்துச் சீட்டே செல்லும், சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டாம். லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் இறங்கி 1911இல் திறந்த பழைய எல்பே சுரங்கப்பாதையில் 426 மீட்டர் நடந்தால் தென்கரை. நடப்பவர்களுக்குக் கட்டணமில்லை. வந்த கரை முழுவதும் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும்.

இருட்டியதும் கிடங்குகளில் விளக்கு போடுவார்கள். போகன்ம்யூலன் பாலத்தில் நின்றால் இரண்டு கால்வாய்களுக்கு நடுவே 'நீர்க்கோட்டை' எனப்படும் கட்டடம் நேர் எதிரே இருக்கும். கேமரா முக்காலி வைக்க கைப்பிடிச் சுவரோரம் இடம் குறைவு, அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். கால்வாயில் தண்ணீர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். வற்றிய நேரத்தில் எடுத்த படத்தில் பாதி சேறாகத்தான் இருக்கும்.