சின்னச் செய்தியைத் தாமதமில்லாமல் ரேடியோவில் அனுப்ப எந்தப் பிழைதிருத்தும் கோட் போடலாம்? 5ஜியில் இருக்கும் எல்டிபிசியே போதாதா?

போதாது. பிழைதிருத்தும் கோட் என்பது செய்தியோடு கூடுதல் பிட் சேர்த்து, வழியில் கெட்டதை ரிசீவரே சரிசெய்ய வைக்கும் ஏற்பாடு. நீங்கள் கேட்டிருப்பது 20, 30 பிட் கட்டளை, ஒரு மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர வேண்டும், திருப்பி அனுப்ப நேரம் கிடையாது. எல்டிபிசி, டர்போ இரண்டும் நீண்ட செய்தியில் ஜொலிக்கும் கோட்கள், அந்தக் குட்டி நீளத்தில் தம் பலத்தைக் காட்ட அவற்றுக்கு இடமே இல்லை. 5ஜியிலேயே எல்டிபிசி டேட்டாவுக்குத்தான். போன் டவருக்கு அனுப்பும் கண்ட்ரோல் தகவலில் 12 பிட்டிலிருந்து போலார் கோட், 3 முதல் 11 பிட் வரை ரீட்-முல்லர் வகையைச் சேர்ந்த 32 பிட் நீளக் குட்டி கோட்.

நான் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷெட்களில் ஓடும் கிரேன்களுக்கு ரேடியோ ரிமோட் போர்டு செய்கிறவன். கிரேன் ஆபரேட்டர் ஒருவர் சொன்னதுதான் எனக்கு இந்த வேலையின் முழு ஸ்பெசிஃபிகேஷன்: "ஸ்டாப் அழுத்துனா நிக்கணும் சார், அவ்ளோதான்."

முதலில் நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்க்கலாம். ஒரு சேனலில், அதாவது செய்தி போகும் வழியில், பிழையில்லாமல் அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்று ஷானன் 1948-ல் சொன்ன எல்லை, செய்தி எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம் என்ற நிலையில் வருவது. நீண்டுகொண்டே போனால் இரைச்சல் சராசரியாகிவிடும். காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிற பத்தாயிரம் பேரின் சராசரி உயரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம், வெளியே ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிய ஆறு பேரின் சராசரியைச் சொல்ல முடியாது. 100 பிட்டில் 11 பிட் தலைகீழாகிற ஒரு சேனலை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கொள்ளளவு ஏறக்குறைய பாதி, அதாவது அனுப்பும் பிட்டில் பாதிதான் செய்தியாகத் தேறும். 128 பிட் அனுப்பினால் சராசரியாக 14 பிட் கெடும், ஆனால் லட்சம் செய்தி அனுப்பினால் 25-க்கு மேல் கெடுகிற செய்திகள் அதில் கட்டாயம் இருக்கும், நம் கோட் அவற்றையும் தாங்கியாக வேண்டும். இந்தக் குறுகிய நீளத்துக்கான கணக்கைப் பொல்யான்ஸ்கி, பூர், வெர்டூ மூவரும் 2010-ல் தெளிவாகப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களுடைய தோராயச் சூத்திரத்தில் லட்சத்துக்கு ஒரு பிழைதான் வரலாம் என்று வைத்துப் பாருங்கள்: ஷானன் கணக்குப்படி 128-ல் பாதி, 64 பிட் போக வேண்டிய இடத்தில் சுமார் 22 பிட்தான் போகும். அதே சேனலில் 10,000 பிட் நீளம் கொடுத்தால் ஏறக்குறைய 4,600 போகிறது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கிற பேண்ட்வித்தில் ஒரு மில்லிசெகண்டுக்குள் எத்தனை பிட் திணிக்க முடியும் என்பதை முதலில் பாருங்கள், கோட் பெயரை அப்புறம் தேடலாம்.

சரி, எந்தக் கோட்? பிசிஎச், டெயில்-பைட்டிங் கன்வல்யூஷனல், சிஆர்சி (செய்தி கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் பிட்கள்) சேர்த்த போலார், இந்த மூன்றில் எது உங்கள் பிராசசருக்குத் தாங்குமோ அது. டெயில்-பைட்டிங் ஏன் என்றால், கன்வல்யூஷனல் கோட் ஒவ்வொரு பிட்டையும் அதற்கு முந்தைய சில பிட்டோடு கலந்து அனுப்பும், சாதாரண வகையில் கடைசியில் 6 வெற்று பிட் சேர்த்து முடிக்க வேண்டும், ஆயிரம் பிட் செய்தியில் அது கண்ணுக்கே தெரியாது, 20 பிட் செய்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்டம். செய்தியின் கடைசி 6 பிட்டையே தொடக்க நிலையாக வைத்துவிட்டால் அந்தச் செலவு போய்விடும், 4ஜி கண்ட்ரோல் சேனல் இப்படித்தான் செய்தது. போலார் கோடை அரிகான் 2009-ல் வெளியிட்டார். குறுகிய நீளத்தில் அது தனியாகச் சுமார்தான், பல பதில்களை லிஸ்ட்டாக வைத்துக்கொண்டு சிஆர்சியால் ஒன்றைப் பொறுக்கும்போதுதான் ஆளே மாறிவிடுகிறது.

இதைவிட முக்கியம், உங்கள் ரேடியோ சிப் ஒவ்வொரு பிட்டையும் எவ்வளவு நிச்சயத்தோடு கேட்டது என்ற மதிப்பைத் தருகிறதா என்று பாருங்கள். விலை மலிவான சிப்கள் பல, பாக்கெட் மோடில் 0 அல்லது 1 என்று முடிவெடுத்துத்தான் கொடுக்கும். அங்கேயே சுமார் 2 டெசிபல் போய்விடுகிறது, அதை எந்தக் கோடாலும் திரும்ப வாங்க முடியாது.

அடுத்தது ஷெட். சுற்றிலும் தகரம், நடுவில் இரும்புத் தூண், மேலே கர்டர். சிக்னல் பல வழியாகப் பட்டுத் திரும்பி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர், அதில் பாதி, அதாவது ஒரு சாணுக்கும் குறைவான தூரம் நகர்ந்தாலே நல்ல இடம் செத்த இடமாகிவிடலாம். நடந்துகொண்டே ரிமோட் பிடித்திருப்பவர் ஒரு மில்லிசெகண்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்க மாட்டார். செத்த இடத்தில் நின்று அழுத்தினால் 128 பிட்டும் மொத்தமாகச் சேர்ந்து கெடும், அப்போது திருத்துவதற்கு என்ன மிச்சம்? இன்டர்லீவிங் (பிட்களைக் கலைத்துப் பரப்பி அனுப்புவது) போடலாமே என்பார்கள், நேரத்தில் பரப்பினால் அதுவே தாமதம். அலைவரிசையில் பரப்புங்கள், ரிசீவரில் இரண்டாவது ஆன்டெனா வையுங்கள். என்னைக் கேட்டால் கோடுக்குச் செலவழிக்கும் முதல் ரூபாயை அந்த ஆன்டெனாவுக்குக் கொடுப்பேன்.

கடைசியாக, வராத கட்டளையையும் தப்பாக வந்த கட்டளையையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ரிமோட் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும், குறித்த நேரத்துக்குள் நல்ல செய்தி வரவில்லை என்றால் ரிசீவரே ரிலேயை விட்டு கிரேனை நிறுத்திவிடும், எரிச்சல்தான், ஆபத்து இல்லை. ஆனால் 'ஏற்று' என்பது 'இறக்கு' என்று படிக்கப்பட்டால் கீழே ஆள் நிற்கிறார். 8 பிட் சிஆர்சி 256 குப்பையில் ஒன்றை உள்ளே விட்டுவிடும், 16 பிட் என்றால் 65,536-ல் ஒன்று. லிஸ்ட்டில் 8 பதில்களைச் சோதித்தால் அதில் 3 பிட் பலம் குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 20 பிட் செய்திக்கு 16 பிட் சிஆர்சியா என்று தயங்க வேண்டாம், போடுங்கள். ஷெட்டின் பக்கத்துப் பகுதியில் ஓடும் இன்னொரு கிரேன் ரிமோட்டின் கட்டளையை நம் கிரேன் கேட்டுவிடாமல் இருக்க ரிமோட்டின் ஐடியைத் தனியாக அனுப்பி பிட்டைச் செலவழிக்க வேண்டியதில்லை, 5ஜியில் செய்வதுபோல சிஆர்சியோடு எக்ஸ்ஆர் (பிட்டுக்குப் பிட் கலப்பது) செய்துவிட்டால் போதும், அடுத்தவன் செய்தி தானாகவே தேறாது.