ரீபூட் செய்ததும் எஸ்டிபி ஏன் எஸ்டிசி ஆகிறது?

லினக்ஸில் பேக்கப் டிஸ்க்கின் பெயர் நேற்றுவரை எஸ்டிபி (sdb), ரீபூட்டுக்கு அப்புறம் எஸ்டிசி (sdc), மவுன்ட் ஆகவில்லை (சிஸ்டத்தோடு இணையவில்லை) என்கிறீர்கள். பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு எதுவும் இருக்காது. லினக்ஸ் கெர்னல் முதலில் கண்ணில் படும் டிஸ்க்குக்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி என்று வந்த வரிசையில் பெயர் கொடுக்கிறது. கிளினிக் டோக்கன் மாதிரிதான், நேற்று 2 கிடைத்தது என்பதற்காக இன்றும் அதே கிடைக்காது.

அதனால் எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அந்தப் பெயரை எழுதவே எழுதாதீர்கள். பிளாக்ஐடி (blkid) கட்டளையை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடியும் (UUID, அதற்கே உரிய அடையாளக் குறியீடு) தெரியும், பெயருக்குப் பதில் அதை எழுதுங்கள். ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 (ext4) என்றால் நடுவில் வரும் 4 கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து. அது ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் கேபிளை எந்த போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் மாறாது, மறுபடி ஃபார்மட் செய்தால் புதிது வரும். ஒரே ஒரு வம்பு: டிடி (dd) கட்டளையால் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி, இரண்டையும் ஒன்றாகச் செருகினால் எது மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது.

எஃப்எஸ்டேப்பில் இந்த டிஸ்க்குக்கான வரியில் நோஃபெயில் (nofail) என்ற ஆப்ஷனைக் கண்டிப்பாகச் சேருங்கள். இல்லையென்றால் டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி (systemd) வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, முழுதாக பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். நான் இதைக் கற்றுக்கொண்டது ராத்திரி இரண்டு மணிக்கு.

இசட்எஃப்எஸ் (ZFS) ஃபைல் சிஸ்டத்தில் டிஸ்க்குகளைச் சேர்த்து அமைக்கும் பூல் என்றால் எஃப்எஸ்டேப் பேச்சே வேண்டாம். டெவ் அடைவில் டிஸ்க், அதற்குள் பை-ஐடி (/dev/disk/by-id) என்று ஓர் அடைவு இருக்கும், மாடலும் சீரியல் நம்பரும் சேர்ந்த பெயர்களை, டிவைஸ்களைக் கவனிக்கும் யூடெவ் (udev) அங்கே போட்டு வைத்திருக்கும். பூலை அந்தப் பெயர்களில் உருவாக்குங்கள், டிஸ்க் செத்தால் எதைக் கழற்றுவது என்று டிஸ்க் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்தே தெரியும்.