அழுகண்ணிச் செடி ஏன் பூச்சி பிடிக்கிறது?

அழுகண்ணி என்பது ஈரப் புல்வெளியில் முளைக்கும் சிறு காட்டுச்செடி. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் குனிந்து தேடினால் கண்ணில் படும். இலை முழுக்கச் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணீர்த்துளி மாதிரி பசை. எவ்வளவு பொருத்தமான பேர்! வெல்லப்பாகில் விழுந்த எறும்பு போலக் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் மெல்ல வளைந்து அதை அமுக்கும்.

காரணம் மண்தான். ஓயாமல் நீர் ஊறும் அந்த நிலத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகக் குறைவு. வெயிலில் தன் உணவை இலையே தயாரித்துக்கொள்கிறது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்துக்குத்தான் பூச்சி; வயலுக்குப் போடும் யூரியா மாதிரி.

பூதான் பூச்சியைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிப்பது இலை. சின்ன வெள்ளைப் பூ தனிக் காம்பில் உயரே நின்று, மகரந்தம் சுமக்கும் பூச்சிகளை வரவேற்கிறது.