கியோன் திருவிழாத் தேர்கள்: கேள்வியும் பதிலும்

ஜப்பானின் கியோத்தோ நகரில் யசாக்கா ஆலயத்தைச் சார்ந்து ஜூலை மாதம் முழுவதும் நடப்பது கியோன் மட்சுரி. அதன் தேர்களைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

தேரோட்டம் ஜூலை 17 என்று சிலர் எழுதுகிறார்கள், 24 என்று சிலர். எதை நம்பி டிக்கெட் போடுவது?

இரண்டுமே சரி. 17ஆம் தேதி முன்விழா, 23 தேர்கள். 24ஆம் தேதி பின்விழா, 11 தேர்கள். 1966இல் இரண்டையும் சேர்த்து 17ஆம் தேதியே ஓட்டத் தொடங்கினார்கள். 2014இல்தான் மறுபடி பிரித்தார்கள். அதற்கு முன் எழுதியவற்றில் ஒரே நாள்தான் இருக்கும், குழப்பம் அங்கிருந்து வருவது.

முன்விழா காலை 9 மணிக்கு ஷிஜோ-கராசுமா சந்திப்பில் புறப்பட்டு ஷிஜோ, கவாராமாச்சி, ஓயிகே சாலைகள் வழியே போய் ஷின்மாச்சி தெருவில் நுழையும். பின்விழா 9.30க்கு கராசுமா-ஓயிகேயில் புறப்பட்டு அதே பெரிய சாலைகளில் எதிர்த்திசையில் வரும். உயரமான தேர்கள்தான் வேண்டும் என்றால் 17. கூட்டம் ஒத்துவராது, நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 24. என் ஓட்டு 24க்குத்தான். அன்று தெருக்கடைகள் கிடையாது என்பதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாமா, ஹொக்கோ என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஹொக்கோ என்றால் ஈட்டி வகை ஆயுதம். 869இல் கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய ஜப்பானின் மாகாண எண்ணிக்கைப்படி 66 ஈட்டிகளை நட்டு நோய்தரும் ஆவிகளைச் சாந்தப்படுத்தினார்கள். விழாவின் தொடக்கம் அது. அந்த ஈட்டிதான் பின்னாளில் தேரின் நடுக்கம்பமாக வளர்ந்தது. பெரிய ஹொக்கோ கம்பத்தின் நுனிவரை சுமார் 25 மீட்டர், எடை 10 முதல் 12 டன், சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 2 மீட்டர்.

யாமா என்றால் மலை. கம்பத்துக்குப் பதில் பெரும்பாலும் ஒரு பைன் மரம் நிற்கும், கீழே ஒரு புராணக் காட்சி பொம்மைகளாக இருக்கும். இவை ஒரு டன்னுக்குச் சற்று மேலே. முன்பு தோளில் சுமந்தார்கள், இப்போது அடியில் சிறு சக்கரங்கள் வைத்துத் தள்ளுகிறார்கள். இவாத்தோ யாமா, வடக்கு கன்னோன் யாமா போன்ற சில மட்டும் பெயரில் யாமா, உருவத்தில் ஹொக்கோ அளவு. கப்பல் வடிவத் தேர்கள் இரண்டு உண்டு. முன்விழாவின் கடைசித் தேர் ஒன்று, பின்விழாவின் கடைசித் தேர் மற்றது.

ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டுகிறார்கள் என்பது உண்மையா, சுற்றுலாக்காரர்கள் அளப்பதா சார்?

உண்மைதான். மரச்சட்டங்களைப் பொருத்தி, மூட்டுகளை வைக்கோல் கயிற்றால் சுற்றி இறுக்குகிறார்கள். இதற்கு நவாகராமி என்று பெயர். இது அழகுக்காகச் செய்வதல்ல. 12 டன் பாரம் தெருமுனையில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஆணி அடித்திருந்தால் அந்த இடத்தில் மரம் பிளக்கும். கயிறு நெளிந்து கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வரும். தெருவில் உருளும்போது தேர் கிறீச்சிடுகிறதே, அது பழுதல்ல, மூட்டுகள் வேலை செய்யும் சத்தம்.

முன்விழாத் தேர்களை ஜூலை 10ஆம் தேதியிலிருந்து தெருவிலேயே கட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது கம்பம் ஏற்றும் கட்டம். அடிச்சட்டத்தை முழுதாகக் கட்டி முடித்ததும் அதைப் பக்கவாட்டில் சாய்த்துத் தெருவில் படுக்கப்போடுவார்கள். படுத்த நிலையிலேயே கம்பத்தைச் செருகிக் கட்டி, பிறகு கயிறு கொண்டு கம்பத்தோடு சேர்த்துச் சட்டத்தை நிமிர்த்துவார்கள். தேரோட்டத்தைவிட இதற்குத்தான் கூட்டம் குறைவு, பார்ப்பதற்கு அதிகம்.

அச்சு திரும்பாத தேரை 90 டிகிரி எப்படித் திருப்புகிறார்கள்? வீடியோவில் பார்த்தும் புரியவில்லை.

திருப்புவதில்லை, வழுக்கவைக்கிறார்கள். இதன் பெயர் ட்சுஜிமவாஷி.

தேர் முனைக்கு வந்து நின்றதும், பிளந்த பச்சை மூங்கில் பட்டைகளை முன்சக்கரங்களின் கீழே வரும்படி வரிசையாகப் பரப்புவார்கள். தேரை மெல்ல இழுத்து முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுப்பார்கள். மூங்கில்மேல் வாளி வாளியாகத் தண்ணீர். இதுவரை நேராக இருந்த வடங்களை, திரும்ப வேண்டிய பக்கத்துக்குக் கொண்டுபோய் இழுப்பவர்கள் அங்கே அணிவகுப்பார்கள். வழக்கமாகத் தேரின் முகப்பில் இரண்டு பேர் விசிறியோடு நிற்பார்கள், முனையில் மட்டும் நான்கு பேர். அவர்கள் குரல் எழுப்பி விசிறியை முன்னே நீட்டும் அந்தக் கணத்தில் நாற்பது ஐம்பது பேரும் ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். முன்பக்கம் பக்கவாட்டில் சறுக்கும், பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். ஒரு இழுப்புக்கு சுமார் 30 டிகிரி. நின்று, மூங்கிலை எடுத்து மறுபடி பரப்பி, மறுபடி தண்ணீர். மூன்று இழுப்பில் முடிந்தால் நல்ல திருப்பம். கூட்டம் அதை எண்ணிக்கொண்டே இருக்கும்.

பிசகுவது எங்கே என்றால், முதலில் வேளை. இழுப்பு ஒரே கணத்தில் விழாவிட்டால் சக்கரம் அசையாது, வடம் மட்டும் விம்மும். அடுத்தது தண்ணீர். மூங்கில் காய்ந்திருந்தால் சக்கரம் அதை நசுக்கிவிட்டுத் தாரைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடிப்போவதும் தொல்லைதான். தேவைக்குமேல் சறுக்கிய தேரை எதிர்ப்பக்கம் இழுக்க வடம், மூங்கில் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் மேலே கம்பம் சாட்டைபோல ஆடி அடங்கும். அது அடங்கும்வரை அடுத்த இழுப்பு இல்லை.

சிறிய யாமாக்களுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. தூக்கி அப்படியே சுழற்றிவிடுவார்கள். கைதட்டல் கிடைத்தால் ஒரு சுற்று கூடுதலாகவும் சுற்றுவார்கள்.

சரி, நேரான சாலையில் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போனால்? மின்கம்பி, சிக்னல் எல்லாம் இடிக்காதா?

சாலை நடுவில் சற்று மேடாக இருப்பதால் தேர் ஓரமாக ஒதுங்கத்தான் பார்க்கும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடக்கும் ஆட்கள், நுனி பருத்த மரக்கட்டை ஒன்றைச் சக்கரத்தின் முன் செருகுவார்கள். சக்கரம் அதில் ஏறி இறங்கும்போது தேரின் முகம் கொஞ்சம் திரும்பும். நம் ஊர் முட்டுக்கட்டை போடும் அதே வித்தைதான். உருளும் 12 டன் தேரின் சக்கரத்துக்கு முன்னால் கையை நீட்டும் வேலை என்பதால் அனுபவஸ்தர்கள் மட்டுமே செய்வார்கள்.

கூரைமேல் நால்வர் உட்கார்ந்திருப்பது வேடிக்கைக்கு அல்ல. ஷின்மாச்சி தெரு அவ்வளவு குறுகல், தேரின் கூரை வீட்டு இறவாணத்தை உரசும். அந்த நால்வர்தான் மின்கம்பத்தையும் சுவரையும் காலால் உதைத்துக் கூரையைத் தள்ளி நிறுத்துவார்கள். சிக்னல் கம்பங்களைப் பொறுத்தவரை நகரமே வளைந்துகொடுக்கிறது. தேர்ப்பாதையில் உள்ளவற்றை விழாவுக்காக மடக்கித் திருப்பி வைத்துவிடுவார்கள்.

முதல் தேரில் ஒரு சிறுவன் பொன்முடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, யார் அது?

அவன் சிகோ, தெய்வத்தின் சார்பாக வரும் பிள்ளை. மற்றத் தேர்களில் பொம்மைதான். நகினாத்தா ஹொக்கோவில் மட்டும் உயிருள்ள சிறுவன். 13ஆம் தேதி ஆலயத்தில் அவனுக்குப் பதவி அளிக்கப்படும். அதன்பின் சடங்கு நேரங்களில் அவன் கால் தரையில் படக்கூடாது. ஆள் ஒருவர் தோளில் தூக்கிப் போவார். ஷிஜோ சாலையின் குறுக்கே கட்டிய புனிதக் கயிற்றை வாளால் வெட்டி வழி திறப்பது அவன் வேலை. தேரிலிருந்து வெளியே சாய்ந்து ஆடும்போது பின்னால் ஒரு பெரியவர் இறுகப் பிடித்திருப்பார், கவனித்துப் பாருங்கள்.

தேர்களின் வரிசை சீட்டுக் குலுக்கலா? பெரிய தேர் முன்னால் என்று இல்லையா?

ஜூலை 2ஆம் தேதி நகராட்சி மண்டபத்தில் சீட்டு எடுப்பார்கள். 1467இல் தொடங்கிய ஓனின் உள்நாட்டுப் போரில் நின்றுபோன விழா 1500இல் மறுபடி தொடங்கியபோது, யார் முன்னால் என்ற தகராறைத் தீர்க்க வந்த ஏற்பாடு இது. சீட்டே இல்லாமல் நிலையான இடம் உள்ள தேர்களும் உண்டு. நகினாத்தா எப்போதும் முதல், கன்கோ ஹொக்கோ ஐந்தாவது, கப்பல் தேர் கடைசி.

தேரோட்டத்தின் நடுவே மேயர் பழங்கால அதிகாரி உடையில் உட்கார்ந்து, குலுக்கலில் வந்த ஒவ்வொரு தேரின் சீட்டையும் சரிபார்ப்பார். தேருக்குரிய தெருவின் பிரதிநிதி, சீட்டுப் பெட்டியின் கயிற்றுமுடிச்சைக் கையால் தொடாமல் விசிறி நுனியால் தட்டி அவிழ்க்க வேண்டும். அவிழாமல் போனால் அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் தலைகுனிவுதான்.

தேரைச் சுற்றித் தொங்கும் துணிகளில் ஐரோப்பியப் படங்கள் தெரிகின்றன. என் கண்தான் தப்பா?

கண் சரியாகத்தான் இருக்கிறது. கன்கோ ஹொக்கோவின் முகப்பில் 16ஆம் நூற்றாண்டு பெல்ஜியத் திரை. படம் பைபிளின் ஆதியாகமத்திலிருந்து, ஈசாக்குக்குப் பெண்பார்க்க வந்தவருக்கு ரெபெக்காள் தண்ணீர் கொடுக்கும் காட்சி. கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில், ஷின்டோ தேரின் நெற்றியில் அது அலுங்காமல் ஊர்வலம் வந்திருக்கிறது. கோயி யாமாவில் டிராய் போர்க் காட்சி. அங்கே ஒரே திரையைத் துண்டு துண்டாக வெட்டித் தேரின் எல்லாப் பக்கத்துக்கும் தைத்துக்கொண்டார்கள். ட்சுகி ஹொக்கோவின் முகப்புக்கு வந்தது முகலாய இந்தியாவின் கம்பளம். இப்பகுதி பட்டு, கிமோனோ வணிகர்கள் நிறைந்த இடம். தேர் ஒவ்வொன்றும் ஒரு தெருவின் சொத்து, அடுத்த தெருவை மிஞ்சத் துணி வாங்கினார்கள். பழையவற்றில் பலவற்றுக்கு நகல் நெய்து, அதைத்தான் இப்போது வெயிலில் ஓட்டுகிறார்கள். அசலை தேரோட்டத்துக்கு முந்தைய மாலைகளில் தெருமன்றங்களில் காட்சிக்கு வைப்பது உண்டு.

சிமாக்கி வாங்கி வந்தேன் அண்ணா. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, ஏமாற்றிவிட்டார்களா?

அடடா. அது தின்பதற்கல்ல. அதே பெயரில் மூங்கில் இலையில் மடித்த பலகாரம் ஒன்று இருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். தேர்களில் விற்பது வெறும் இலையும் வைக்கோலும் கட்டிய காப்பு. மேலே உள்ள தாளில் “சோமின் ஷோராயின் சந்ததி” என்று எழுதியிருக்கும். வழிப்போக்கனாக வந்த தெய்வத்துக்கு இடம் கொடுத்த ஏழை அவர். அவர் வம்சத்தை நோய் தீண்டாது என்பது வாக்கு. பிரிக்காமல் வாசல் நிலைக்கு மேலே வெளிப்பக்கமாக மாட்டி, ஓராண்டு கழித்து மாற்ற வேண்டும். பிரித்ததை மறுபடி சுற்றிக் கட்டி மாட்டிவிடுங்கள். சில ஹொக்கோக்களில் சிமாக்கி வாங்கினால் தேருக்குள் ஏறிப் பார்க்கவும் விடுவார்கள். நகினாத்தாவில் பெண்கள் ஏற அனுமதி இல்லை.

நாங்கள் வடம் பிடிக்க முடியுமா? மனைவி, பிள்ளைகளும் வருகிறார்கள்.

தேரோட்ட நாளில் முடியாது, ஆட்கள் முன்பே முடிவானவர்கள். ஆனால் வெள்ளோட்டத்தில் முடியும். நகினாத்தா, கன்கோ, ட்சுகி உள்ளிட்டவை 12ஆம் தேதி, கப்பல் தேர், இவாத்தோ யாமா, ஹோகா ஹொக்கோ 13ஆம் தேதி, பின்விழாவின் பெரிய தேர்கள் 20ஆம் தேதி, எல்லாம் மதியத்துக்கு மேல். ஆண் பெண் குழந்தை வித்தியாசமில்லை, காசும் இல்லை. மேலே கொன்-சிக்கி-சின் என்று வாத்தியம் ஒலிக்க, சிறிது தூரம் இழுத்துத் திரும்பி விடுவார்கள். அந்தக் கொன்-சிக்கி-சின் எதன் சத்தம் என்றால், மான்கொம்புத் தலை கொண்ட கோலால் வெண்கலச் சேகண்டியின் உட்புறத்தைத் தட்டும் ஒலி அது.

மழை வந்தால்?

ஓடும். துணிகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவார்கள், படம் எடுப்பவர்களுக்குத்தான் வருத்தம். வெயிலுக்கே அதிகம் பயப்படுங்கள். ஓயிகே சாலையின் கட்டண இருக்கைகளுக்கு நிழல் கிடையாது. குடை பின்னால் இருப்பவரை மறைக்கும், அகலமான தொப்பியும் தண்ணீரும் எடுத்துப்போங்கள்.

வெள்ளரிக்காய் சாப்பிடக்கூடாதாமே?

யசாக்கா ஆலயத்துப் பக்தர்கள் ஜூலையில் தவிர்ப்பார்கள். குறுக்கே வெட்டிய வெள்ளரி, ஆலயச் சின்னம்போல இருக்கும். உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

17ஆம் தேதி மதியம் எல்லாம் முடிந்துவிடுகிறதா? மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

முடிந்தால் மாற்றுங்கள். தேர்களில் வருவது மூலத் தெய்வங்கள் அல்ல. தெருவில் உள்ள தீய ஆவிகளை ஈர்த்துப் பாதையைச் சுத்தம் செய்வதுதான் தேரோட்டம். யசாக்கா தெய்வங்கள் மாலையில்தான் மூன்று பல்லக்குகளில் ஆலயத்தைவிட்டு இறங்குகிறார்கள். “ஹொயித்தோ, ஹொயித்தோ” என்று கத்திக்கொண்டு வெள்ளை உடைக்காரர்கள் ஒவ்வொன்றையும் தூக்கி உலுக்கிவருவார்கள். ஷிஜோ சாலையில் உள்ள தங்குமண்டபத்தில் 24ஆம் தேதி இரவுவரை இருந்துவிட்டு ஆலயம் திரும்புவார்கள். சுற்றுலாக் கூட்டத்தில் பாதிப்பேர் காலையிலேயே பார்த்துவிட்டோம் என்று போய்விடுவதால், இரவில் நிற்க இடம் கிடைக்கும்.

தேர்களை அன்றே பிரித்துவிடுவது ஏன்? இரண்டு நாள் வைத்திருந்தால் எல்லோரும் பார்க்கலாமே.

தெருவெல்லாம் சுற்றி நோயையும் தீமையையும் வாரிக்கொண்டு வந்த பொருள் அது. அதைப் பொழுதோடு கலைக்க வேண்டும். வீடு திரும்பியதும் முதலில் துணிகளைக் கழற்றி மடிப்பார்கள், பிறகு கயிறுகளை அறுப்பார்கள். 25 மீட்டர் கம்பம் நின்ற இடத்தில் மறுநாள் காலை வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய தேர்கள் எல்லாம் இப்போதும் இருக்கின்றனவா?

இல்லை. 1864 கலவரத் தீயில் எரிந்த பெரிய கப்பல் தேர், 150 ஆண்டு கழித்து 2014இல் திரும்பியது. 1826 புயல்மழையில் சேதமான தாக்கா யாமா 2022இல் ஓடியது, 196 ஆண்டு இடைவெளி. அதைச் சேர்த்துத்தான் கணக்கு 34 ஆனது. 33 என்று போட்டிருந்தால் பழைய தகவல்.