காயத்தோடு பெரிய வீரர்கள் ஆடுகிறார்களே, நாங்கள் ஆடினால் என்ன?

தம்பி, நீங்கள் கிளிநொச்சியில் கழகத்துக்கு உதைபந்து ஆடுகிறீர்கள், முழங்கால் வீங்கியிருக்கிறது, உங்கள் இடத்துக்கு வேறு ஆள் இல்லை, ஞாயிறு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்க வேண்டாம்.

பெரிய வீரர்கள் காயத்தோடு ஆடியது உண்மைதான். 1970 உலகக் கிண்ண அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி வீரர் பெக்கன்பவர் தோள்பட்டை விலகி, கையை உடம்போடு கட்டிக்கொண்டு இத்தாலிக்கு எதிராகக் கடைசிவரை நின்றார், ஏனென்றால் அப்போது ஒரு அணிக்கு இரண்டு மாற்று வீரர்கள்தான், அந்த இரண்டையும் மேற்கு ஜெர்மனி முடித்துவிட்டது. ஆட்டமும் 4-3 என்று தோற்றுப்போனது. ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2014 இறுதியில் தொடைக் காயம் ஆறாத முன்கள வீரர் டியேகோ கோஸ்டாவை ஸ்பெயினின் அத்லெட்டிகோ கழகம் இறக்கியது, 9ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்தார்கள். ஒரு மாற்று வீணாகி, மேலதிக நேரத்தில் களைத்து, 4-1 தோல்வி.

இப்போது ஐந்து மாற்று அனுமதி, அதனால் பெஞ்சில் நல்ல ஆட்கள் இருக்கிற அணிக்கு அந்த அவசரமே குறைவு. அவர்களுக்கு மைதானத்தோரம் வைத்தியரும் ஸ்கானும் உண்டு. எங்களுக்கு வெயிலில் இறுகிப்போன செம்மண் தரைதான். வலி ஊசி வலியை மறைக்கும், கிழிந்த சவ்வை ஒட்டாது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் வீங்கியிருந்தால் உள்ளே கிழிந்திருக்கலாம், நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அப்புறம், பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெடியள் இரண்டு பேரை ஞாயிறு இறக்கச் சொல்லி பயிற்றுநரிடம் கேளுங்கள்.